கழட்ட வராத லாரி

சித்தப்பாவின் கை டிவிக்கு மேலிருந்த பலகையை எட்டுவதற்குள் ஹேமலதா குறுக்கே போய் நின்றாள். பலகையிலிருந்த மஞ்சள் டிப்பர் லாரியை எடுத்துத் துப்பட்டாவுக்குள் சுருட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நடுவீட்டில் அவள் அப்பா கன்னியப்பன் பெஞ்சின் மேல் கிடந்தார். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, நெற்றியில் காசு ஒட்டியிருந்தார்கள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டார். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. தெருவில் மேளம் ஆரம்பித்துவிட்டது.

"குடும்மா. அண்ணன் உசுரா வச்சிருந்த சாமான். கூட அனுப்பிடலாம்" என்றார் சித்தப்பா எல்லப்பன்.

செத்தவர் ஆசை வைத்த சாமானைக் குழியில் வைத்து மண் தள்ளுவது அந்தத் தெருவின் வழக்கம். வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை, பீடி குடித்தவருக்குப் பீடிக்கட்டு, குடிகாரனுக்கு ஒரு குவார்ட்டர். போன மாசம் எதிர்வீட்டுக்காரருக்கு டிவி ரிமோட்டையே வைத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அந்த வீட்டுக்காரர்கள் வேறு ரிமோட்டுக்கு ஆம்பூர் பஜார் முழுக்க அலைந்தது தனிக் கதை. வைக்காமல் விட்டால் செத்தவர் நினைப்பு வீட்டையே சுற்றும், குழந்தைகள் தூக்கத்தில் அலறும் என்பார்கள்.

ஹேமலதா துப்பட்டாவை இன்னும் இறுக்கினாள். லாரியை விடவில்லை.

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். இந்த மனுஷன் செத்தும் வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறாரே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற அப்பா பிணமாகக் கிடக்கும்போது இப்படி நினைக்கலாமா என்றால், நினைக்கக் கூடாதுதான். நினைப்பு நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

அந்த லாரியை அவள் தன் மகள் கனிஷ்காவுக்காக வாங்கினாள். நாலாவது பிறந்தநாளுக்கு. ஷூ கம்பெனியில் பக்கத்து மிஷினில் உட்காரும் அஃப்ஷாவின் போனில் ஆர்டர் போட்டு வந்தது. கடையில் கிடைக்கிற சாதாரண லாரி இல்லை. துண்டு துண்டாக வரும். டப்பாவில் முப்பத்தெட்டுத் துண்டு, பெரிய பெரிய பிளாஸ்டிக் ஸ்க்ரூ, குழந்தை கைக்கு அடங்குகிற ஒரு ஸ்பேனர். குழந்தையே பூட்ட வேண்டும், அப்புறம் கழட்ட வேண்டும், மறுபடியும் பூட்ட வேண்டும். அதுதான் விளையாட்டே. டப்பா மேல் ஸ்பேனர் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை படம் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஹேமலதா வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மகளோடு தரையில் உட்கார்ந்து பூட்ட வேண்டும் என்று நாலு நாள் அந்த டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

ஞாயிறு காலை கனிஷ்காவையும் கூட்டிக்கொண்டு கறி வாங்கப் போனாள். கடையில் கும்பல். திரும்பி வந்தபோது வாசலிலேயே சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறியது. ஷூவுக்குச் சோல் ஒட்டுகிற பசை. அப்பா முப்பத்தெட்டுத் துண்டையும் பூட்டி முடித்து, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும், சக்கரம் சுழலும் இடம் தவிர ஒவ்வொரு மூட்டுக்கும் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி, கம்பெனியில் செய்வது போலவே ஆற வைத்து அழுத்தி ஒட்டியிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆட்டிப் பார், இனிமேல் யாராலும் கழட்ட முடியாது, பத்து வருஷத்துக்கு காரண்டி என்றார். ஸ்பேனரைக் குப்பையில் போட்டிருந்தார். இனி அது எதற்கு என்று கேட்டார்.

கனிஷ்கா அன்றைக்கு அழுதாள். குழந்தை கீழே போட்டு உடைத்துவிடும் என்று அவர் லாரியை டிவிக்கு மேல் பலகையில் ஏற்றிவிட்டார். சாயந்திரம் ஷிப்ட் முடிந்து வந்தால் எடுத்துத் துடைப்பார், பேத்திக்குக் காட்டுவார், மறுபடியும் மேலே வைத்துவிடுவார். நாலு மாசமாக இதே பூசைதான். ஹேமலதா அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது? கேட்காமலே எடுத்துக்கொள்வது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

பதினொன்றாவது படிக்கும்போது அவளுக்கு கவர்மெண்டில் சைக்கிள் கொடுத்தார்கள். முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். இரண்டே வாரம் ஓட்டினாள். கம்பெனி பஸ் தெருவுக்கு வருவதில்லை, ரோட்டுக்கு நடந்தால் முட்டி வலிக்கிறது என்று அப்பா எடுத்துக்கொண்டார். ஆம்பளை ஓட்டுகிற வண்டிக்குக் கூடை எதற்கு என்று அதைக் கழட்டி எறிந்தார். அவள் ஒரு வருஷம் நடந்தே பள்ளிக்கூடம் போனாள். பன்னிரண்டாவது பாதியில் ஒருநாள் அதே சைக்கிளின் கேரியரில் அவளை உட்கார வைத்து, பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கம்பெனி கேட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், இன்றுவரை ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிறாள்.

"ஏம்மா, மேளக்காரன் கேக்குறான், நேரமாவுது" என்று சித்தப்பா மறுபடியும் வந்தார். வெளியே பந்தலில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் புருஷன் செந்தில்குமார் காதோரம் வந்து, ஊர் பார்க்கிறது, கொடுத்துத் தொலையேன், வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று முணுமுணுத்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் நழுவி வெளியே போய்விட்டான்.

அம்மா கோவிந்தம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. அங்கிருந்தே பேசினாள்.

"குடுத்துடுடி. இருவத்தாறு வருசம் சோல் ஒட்டுனாரு. அப்பரும் வேற ஆளு, பெட்டி கட்றதும் வேற ஆளு. ஒரு ஜோடியக்கூட அவரு முழுசா பண்ணதில்ல. முழுசா பண்ண ஒரே சாமான் இதான்."

பெண்கள் கூட்டம் விசும்பியது. ஹேமலதாவுக்கும் அவர் மேல் இரக்கம் வந்தது. வந்ததே அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. இப்படித்தான், இரக்கத்தைக் காட்டியே இந்த வீட்டில் எல்லாம் போகும். முட்டி வலி என்றார், சைக்கிள் போனது. அம்மாவுக்கு ஆபரேஷன் என்றார்கள், படிப்பு போனது. எல்லாம் நிஜம்தான், ஒன்றும் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் போனது அவளுடையது.

"சைக்கிள குடுத்தேன்" என்றாள். சத்தம் போட நினைக்கவில்லை, ஆனால் மேளம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்ததால் தெரு முழுக்கக் கேட்டது. "படிப்ப குடுத்தேன். இது எம் பொண்ணோடது. குடுக்க மாட்டேன்."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தூக்குங்கடா என்றார். யாரோ ஒருத்தி, என்ன நெஞ்சழுத்தம் பார் என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. பீரோவைத் திறந்து லாரியை உள்ளே வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகுதான் வாய்க்கரிசி போட வந்தாள்.

பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போகலாம். முனையில் நின்று, பொரி இறைந்த ரோட்டில் பாடை பாலாற்றுப் பக்கம் திரும்புவதைப் பார்த்தார்கள். கோவிந்தம்மாள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹேமலதா தூக்கிவிடப் போனாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டு வேறொருத்தி தோளைப் பிடித்து எழுந்தாள்.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். அப்பாவின் தலை இருந்த இடத்தில் விளக்கேற்றி வைத்தார்கள். அம்மா சுவரோரம் ஈரத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். ஹேமலதா பீரோவைத் திறந்து லாரியை எடுத்தாள். தலையில் சொட்டும் தண்ணீரோடு பக்கத்து வீட்டுப் படிக்கு வந்தாள். அஃப்ஷா லீவு போட்டு வந்து காலையிலிருந்து குழந்தையை அங்கேதான் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனிஷ்கா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"இந்தாடா. அம்மா உனக்கு வாங்கினது. இனிமே இது ஒன்னுதுதான்."

கனிஷ்கா லாரியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"எனக்கு வேணாம்மா. அது கழட்டவே வராது. தாத்தாவுது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாத்தாகிட்ட குடுத்துடு" என்றாள்.

அஃப்ஷா குழந்தையின் மடியிலிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டாள். தட்டியதையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். சித்தப்பா குழாயடியில் காலைக் கழுவினார். விரலிடுக்கில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. ஹேமலதாவின் கையில் இருந்ததைப் பார்த்தார், முகத்தைக் கழுவிக்கொண்டார். குழி மூடியாயிற்று. இனிமேல் கொடுக்க நினைத்தாலும் முடியாது.

உள்ளே வந்தாள். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து லாரியைக் கீழே வைத்தாள். நாலு மாசத்தில் அது தரையைத் தொட்டது அப்போதுதான். ஒரு ஸ்க்ரூவைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். நகம் வலித்ததுதான் மிச்சம். விட்டுவிட்டு லேசாகத் தள்ளினாள். நாலு சக்கரமும் சத்தமே இல்லாமல் சுழன்றன. லாரி ஈரத் தரையில் நேராக ஓடியது.

கோவிந்தம்மாள் அதைப் பார்க்காதவள் போலவே இருந்தாள். பக்கத்தில் வந்ததும் காலை மடக்கி வழி விட்டாள்.