சரிபாதி முட்டை போண்டா

மஸ்கட்டில் லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சிவராஜுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்குச் சாயங்காலம் வீடியோ காலில் காஞ்சிபுரம் வந்துவிடுவார். நான் தறியை விட்டு எழுந்து, போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடப்பேன். தள்ளுவண்டிகளை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். எதைத் தின்பது என்று அவர் சொல்வார், நான் தின்பேன். காளான் மசாலா எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறேன். எல்லாம் கட்டிக்கொண்ட பாவம்.

ஒன்றை மட்டும் இரண்டு பேரும் விட்டிருந்தோம். மரியம்மாள் அக்கா கடை முட்டை போண்டா. அவர் கிளம்பின அன்று பஸ் ஏறும் முன்னால் ஒன்று வாங்கினோம். என் புடவையில் ஒட்டியிருந்த பட்டு நூலை எடுத்துப் போண்டாவைச் சுற்றி இழுத்தார். சரிபாதியாக அறுந்தது. "நான் திரும்பி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் இத தொடக்கூடாது. வரதர் மேல ஆணை" என்றார். முட்டை போண்டாவுக்குப் பெருமாளைச் சாட்சிக்கு இழுத்த ஜோடி இந்த ஊரில் நாங்களாகத்தான் இருப்போம்.

இந்த வைகாசி கருட சேவைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். இன்னும் பன்னிரண்டு நாள். வீட்டுக்கு வெள்ளைகூட அடித்துவிட்டேன்.

இன்றைக்கு அவர் முகமே சரியில்லை. பஜ்ஜி வண்டியைக் காட்டினேன், "ம்" என்றார். காளானும் வேண்டாமாம். எனக்குச் சந்தோஷம்தான்.

"நேரா போ. மரியம்மா அக்கா கட போட்டுக்கிதா?"

"இருக்குது. போண்டா வெந்துக்கினு இருக்குது. நல்லா பாத்து எச்சி முழுங்குங்க."

"ஒண்ணு வாங்கி சாப்பிடு, காவேரி."

எனக்குப் புரிந்துவிட்டது. "எத்தன நாளு?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம்மா. மாத்தி விட ஆளில்லன்றாங்க. நீ எதுக்கு சும்மா வாய கட்டிக்கினு இருக்கணும்?"

போனைத் தூக்கி எண்ணெய்ச் சட்டியில் போட்டுவிடலாமா என்று வந்தது. வரமாட்டேன் என்பதைக்கூட நேராகச் சொல்லத் தெரியாத மனுஷன். அந்த மனுஷன்தான் எனக்கு வேண்டும். இந்தப் புகையில், என் தோளை இடித்துக்கொண்டு, இப்போதே வேண்டும்.

எல்லாம் காதில் விழுந்திருக்கும். மரியம்மாள் அக்கா நான் கேட்கும் முன்னாலேயே ஒரு போண்டாவைப் பேப்பரில் வைத்து நீட்டினாள். போனைச் சட்னி வாளி மேல் சாய்த்து வைத்தேன். முந்தானையில் தேடினால் நூல் ஒன்று கிடைத்தது. அன்றைக்கு அவர் செய்த மாதிரியே கை போண்டாவைச் சரிபாதியாக அறுத்துவிட்டது. ஒரு பாதியை வாயில் போட்டேன். அன்றைக்கு இருந்த அதே ருசி, அதே சூடு.

"எப்பிடி இருக்குது?" அவர் முகம் போனுக்குக் கிட்டே வந்தது.

"நல்லாவே இல்ல. அக்காவுக்கு முன்ன மாதிரி கைப்பக்குவம் இல்ல. நீங்க ஏங்காதீங்க" என்றேன்.

மரியம்மாள் அக்கா கரண்டியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மிச்சப் பாதியைப் பேப்பரில் மடித்து என் பையில் வைத்தாள்.