முன்வரிசைக் கதிரை

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. நூஹுவை உட்காரவைத்துத் தூக்கிச் சென்ற பிளாஸ்டிக் கதிரை நீலம் என்றே என் கண்ணில் நிற்கிறது. வெள்ளை என்கிறாள் என் தங்கை றுக்கியா. நூஹு அவளுடைய கணவன். எனக்கு மச்சான், அதற்கும் முன்பிருந்தே கூட்டாளி. ஒருவர் சொன்னதை நான் இன்னொருவர் வாயில் வைத்துவிடவும் கூடும். ஆனால் அவன் காலுக்கு என்ன ஆனது என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

எங்கள் ஊர் பள்ளிவாசல்துறையில் தென்மேற்குக் காற்று கிளம்பினால் படகுகளைக் கரைமேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏற்றும்போது உருளைக்கட்டை விலகி, படகொன்று சாய்ந்து நூஹுவின் வலது காலில் விழுந்தது. தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே நொறுங்கிப்போனது. பெரிய ஆஸ்பத்திரியில் தகடு வைத்துப் பொருத்தினார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில், பயிற்சி கொடுக்கும் சிங்களப் பெண் என்னையும் றுக்கியாவையும் நிற்கவைத்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"எலும்பு தானா சேரும். முழங்கால் தானா மடங்காது. ஒவ்வொரு நாளும் மடக்கணும். அழுதாலும் மடக்கணும். வோக்கர் புடிச்சி நடக்கணும். இந்த மூணு மாசத்த விட்டா, பிறகு கட்டை மாதிரி."

ஊர் திரண்டு வந்தது, அதை மறுக்க மாட்டேன். வீடுகள் முறைவைத்துச் சோறு அனுப்பின. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் மௌலவி அவன் பெயரைச் சொல்லி, குணமாக ஷிபா வேண்டி துஆ கேட்டார். நோயாளியைப் போய்ப் பார்ப்பது கடமை என்பதால், பின்னேர அஸர் தொழுதவர்கள் பள்ளிவாசலிலிருந்து நேரே நூஹு வீட்டுக்கு வந்தார்கள். றுக்கியா முழங்காலை மடக்கும் நேரமும் அதுவே. காலைக்கு மாற்றிப் பார்த்தாள். காலையில் பெண்கள் வந்தார்கள்.

"அல்லாவே, என்ன புள்ள இது? ஆம்புளைய இப்பிடிக் கத்த வெக்கிறியே!" அடுத்த வீட்டு சித்திலெய்லா மாமி உள்ளே வந்தபடியே அவள் கையைப் பிடித்தார்.

"டொக்டர்மார் சொன்னது மாமி."

"அவங்களுக்கென்ன, அவங்கட காலா? கைய எடு. யாஸீன் ஓதின தண்ணி கொண்டாந்திரிக்கேன், மெதுவாத் தடவு."

நூஹு கண்ணைத் திறக்காமல் முனகினான். "மாமி சொல்றது சரி. இன்டைக்கு விடு றுக்கியா."

அந்த 'இன்டைக்கு' நாள்தோறும் வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் நாலு பேர் அவனைக் கதிரையோடு தூக்கிப் போனார்கள். தூக்குவதற்கு அடிபிடி.

"போன கிழமையும் நீதானே புடிச்ச. நன்மை எல்லாத்தையும் நீயே அள்ளப் போறியா?"

"உனக்குப் பின்கால் இரிக்கி, அதப் புடி. அதுக்கும் கூலி உண்டு."

நூஹு சிரித்தபடி மேலே இருப்பான். பள்ளியில் முதல் வரிசையின் ஓரத்தில் கதிரையை வைப்பார்கள். தொழுகை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து தோளைத் தொடுவார்கள். காலமெல்லாம் மீன்வாடையோடு பிந்தி வந்து, கடைசி வரிசையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று தொழுத மனிதன் அவன். அப்போது அவன் வந்தானா இல்லையா என்று யாரும் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை றுக்கியா வாசலை மறித்து நின்றாள். பள்ளி நிர்வாகத் தலைவர் மிஹ்லார் ஹாஜியாரே அன்று கதிரையோடு வந்திருந்தார்.

"ஹாஜியார், இன்டைக்கு இவர் வோக்கர புடிச்சி நடந்து வரட்டும். நீங்க பக்கத்துல வாங்க. விழப்போனா புடிங்க."

"நாங்க இத்தின பேர் இரிக்கக்குள்ள நூஹு நொண்டி நொண்டி வாறதா? மத்த ஊர்க்காரன் என்ன கதைப்பான்?"

"கதைச்சிட்டுப் போகட்டும். கால் மடங்கணும்."

"பொறும வேணும் மகள். ஷிபா குடுக்கிறவன் அல்லா."

"ஓம். நானும் அவன்டத்தான் கேக்கிறேன். நீங்க கதிரைய கீழ வெச்சாத்தான் தருவான் போல."

பின்னால் நின்ற ஒருவன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டான். தங்கை கேட்பது சரி என்று நானும் சொன்னேன். ஹாஜியார் நூஹுவைப் பார்த்தார். நூஹு கதிரையைப் பார்த்தான்.

"ஜும்ஆக்கு நேரமாகுது" என்றான்.

தூக்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகு றுக்கியா அஸர் வேளையில் கேற்றைப் பூட்டிப் பார்த்தாள். நூஹு உள்ளேயிருந்து சத்தம் போட்டுத் திறக்கவைத்தான். நோயாளியைப் பார்க்க வருகிற ஆட்களை மறிக்கும் பெண் என்று ஊர் கதைத்தது. கல்நெஞ்சுக்காரி என்றும் கதைத்தது. அவளுக்கென்று வந்துகொண்டிருந்த சோறு நின்றது. அவனுக்கு மட்டும் வந்தது.

ஒரு நாள் பின்னேரம் நான் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். நானும் அவனும் சிறுவயதிலிருந்தே அதிகம் பேசாமல் உட்காரப் பழகியவர்கள். வெகுநேரம் கழித்துத்தான் கேட்டேன்.

"நடக்க ஆசையில்லையாடா உனக்கு?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"நடந்திட்டா?" என்றான். "நடந்திட்டா யார்ரா என்னப் பாக்கப் போறாங்க?"

நூலகத்தில் வேலை பார்க்கிறவன் நான். நிறைய வாசித்திருக்கிறேன். மூலையில் கிடந்த வோக்கரை அவன் கைக்கெட்டும் தூரத்துக்கு நகர்த்தி வைத்தேன்.

காற்று தணிந்தது. படகுகள் கடலுக்கு இறங்கின. ஆட்களுக்கு வேலை வந்தது. கதிரை ஒரு வெள்ளிக்கிழமை பிந்தி வந்தது. அடுத்ததற்கு மூன்று பேர்தான் வந்தார்கள். நாலாவது ஆளாக நான் பிடித்தேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நூஹு குளித்து, வெள்ளைச் சாரமும் தொப்பியுமாகக் காத்திருந்தான். நான் அன்று கொழும்பில். ஒவ்வொருவனும் மற்றவன் போயிருப்பான் என்று நினைத்தானாம். யாரும் கெட்ட எண்ணத்தில் விடவில்லை. பாங்கு சொல்வது கேட்டது. ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் முழுவதும் வீட்டுக்குள் கேட்டது. துஆவில் தன் பெயர் வருகிறதா என்று அவன் தலையை நிமிர்த்திக்கொண்டிருந்ததாக றுக்கியா சொன்னாள். நோயாளிகள் அனைவருக்கும் என்று மௌலவி முடித்துவிட்டார்.

"மடக்கு" என்றான் அவளிடம்.

அவள் தன் முழுப் பலத்தோடும் அழுத்தினாள். அவன் கத்தினான். யாரும் வரவில்லை. முழங்கால் மடங்கவுமில்லை.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண் முழங்காலை அழுத்திப் பார்த்தாள். எங்களிடம் தமிழில் ஒன்றும் சொல்லாமல் டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னாள். எங்களுக்குச் சிங்களம் விளங்கும்: இனி மடங்காது. மூன்று மாதம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. மறுபடி வெட்டிப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் டொக்டர். நூஹு வேண்டாம் என்றான்.

இப்போது நூஹு ஊன்றுகோலோடு நடக்கிறான். வலது கால் நீட்டியபடியே நிற்கிறது. படகில் ஏற முடியாது. கரையில் மீன் சேர்த்துவைக்கும் வாடியில் ஐஸ் பெட்டிகளுக்குக் காவல் இருக்கிறான். றுக்கியா வீட்டுவேலைக்குக் குவைத் போய்விட்டாள். அவளுடைய நோன்புப் பெருநாள் தொலைபேசி அழைப்பு எனக்குத்தான் வரும், அவனுக்கு வராது. சித்திலெய்லா மாமி சென்ற ஆண்டு மவுத்தாகி அடக்கப்பட்டார். மிஹ்லார் ஹாஜியார் மறுபடியும் நிர்வாகத் தலைவராகியிருக்கிறார். நான் அதே நூலகத்தில் இருக்கிறேன்.