பழனி வழியே கொடைக்கானல்

கூட்டத்தை வெல்லத் தெரிந்தவனுக்கே உலகம் வழிவிடும் என்பது சௌக்கத் அலியின் தத்துவம். அவர் எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். அவர் அனுப்பிய லாரிகள் துறைமுக வாசலுக்குப் போய்ச் சேராமல் நேற்றிலிருந்து நெரிசலில் ரோட்டிலேயே நின்றன.

மனைவி ரஹீமுன்னிசா கேட்டது ஒன்றுதான். "நிக்காஹ் ஆன நாளா நாம ரெண்டு பேரா எங்கியாச்சும் போய்க்கீறோமா? உங்க தங்கச்சி வருவா, இல்லாட்டி பக்கத்து வூடு வரும். ஒரே ஒருக்கா, கொடைக்கானல் ஏரில, பெடல் போட்டுல, நீங்களும் நானும். அவ்ளோதான்."

"சனம்லாம் லீவு நாள்ல வத்தலக்குண்டு ரோட்ல முட்டிக்கினு போவும். நாம செவ்வாக்கெழம, பழனி மலைப்பாதைல. படகுத்துறைல மொத டிக்கெட் நம்முது. மூளை வேணும்டி, மூளை!"

"யாராண்டையும் சொல்லிடாதீங்க."

"நானா?"

இவ்வளவு பெரிய மூளையை ஒருவராவது பாராட்ட வேண்டாமா? மறுநாள் லாரி வரிசையில் நின்றிருந்த பக்கத்து வீட்டு டிரைவர் வேலப்பனிடம் மட்டும் சொன்னார், ரகசியமாக.

"மாமு, நீ படா ஆளு!" என்றான் வேலப்பன். வரிசை நகரவில்லை. டிரைவர்களுக்கு வேறு வேலையுமில்லை. ரகசியம் லாரிக்கு லாரி இறங்கி ஏறி, சாயங்காலத்துக்குள் போன் வழியே திருவொற்றியூரில் அவர் தெருவில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. கொடைக்கானல் ஏரி மேல் பனி. படகுத்துறையில் ஈ காக்கா இல்லை. ரஹீமுன்னிசா புர்காவை இழுத்துவிட்டுக்கொண்டு, புதுப்பெண் மாதிரி சிரித்தாள்.

"இன்னா சொன்னேன்?" என்றார் சௌக்கத் அலி.

பின்னால் வேன் ஹாரன் கேட்டது. ஒன்றல்ல, வரிசையாக.

"மாமு!" வேலப்பன் குதித்து இறங்கினான். "நீ சொன்னா மேரியே பழனி ரூட்டு காலியா கீது! தெருவே உன்னத்தான் வாழ்த்துது!"

பிரியாணி அண்டாவை நாலு பேர் இறக்கினார்கள். வேலப்பன் மனைவி கன்னியம்மா வந்து ரஹீமுன்னிசாவின் கையைப் பிடித்தாள். "வாக்கா, போட்டுல ஒரு சீட்டு கீது!"

"இல்ல, அவரு..."

"அண்ணன் எங்க போயிடப் போறாரு? யாராச்சும் அண்டாவப் பாத்துக்கணுமில்ல? கொரங்கு கீது."

ரஹீமுன்னிசா கன்னியம்மாவோடு பெடல் மிதித்து ஏரியைச் சுற்றினாள். சௌக்கத் அலி கரையில் அண்டா மூடியின் மேல் உட்கார்ந்திருந்தார்.