தலைப்பின் இரண்டாம் பாதி

மருத்துவமனைச் சமையலறையில் நாற்பது வருஷம் கரண்டி பிடித்தவளுக்கு மேற்பார்வையாளர் வைத்த பெயர் உப்பக்கா. நாள் தவறாமல் புகார்ப் புத்தகத்தில் 'உப்பு அதிகம்' என்று எழுதுவார். எழுதிவிட்டு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிடுவார். ஓய்வு பெற்ற மறுநாளே அவள் பதில் எழுத உட்கார்ந்தாள். பதில் புத்தகமாகிவிட்டது. அட்டையில் தலைப்பு: 'நாற்பது வருஷம் சமைத்தேன்; உப்பு சரியாகத்தான் இருந்தது'.

நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்தாள். கணினிப் பட்டியலில் 'நாற்பது வருஷம் சமைத்தேன்' என்று ஒரு வரி. அதன் கீழே வேறொரு வரி: 'உப்பு சரியாகத்தான் இருந்தது. நூல் வந்து சேரவில்லை.'

மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். "உப்பு சரியா இருந்துச்சுங்கிற சேதி இன்னும் வந்து சேரலையாம்."

உப்பக்கா நூலகத்துக்குப் போய் நின்றாள்.

"அரைப்புள்ளியக் கண்டா கணினி பேரு முடிஞ்சுதுன்னு நெனச்சுக்குதுக்கா," என்றார் குமாஸ்தா. "அடுத்தது வேற புத்தகம்னு எடுத்துக்குது. ஒரு கமா போட்டுக் குடுத்துடுங்களேன்."

"கமா போட்டா இன்னும் இழுக்குறேன்னு அர்த்தம். முற்றுப்புள்ளி வச்சா அடங்கிட்டேன்னு அர்த்தம். நான் ரெண்டும் இல்ல தம்பி."

"அப்ப வரலைன்னுதான் காட்டும்."

"வரலைன்னுதான சொல்லுது? வர வச்சுடலாம்."

பதினோராம் நாள் இரண்டாவது நூல் வந்தது. முந்நூறு பக்கம். பக்கத்துக்கு ஒரு நாள் சமையல், போட்ட உப்பு எத்தனை கை, அன்று மேற்பார்வையாளர் எத்தனை முறை தட்டை நீட்டினார் என்ற விவரம். தலைப்பு: 'உப்பு சரியாகத்தான் இருந்தது; நாக்கில்தான் கோளாறு'.

குமாஸ்தா தட்டினார். மூன்றாவது நூல் வந்து சேரவில்லை என்றது கணினி.

"இதுலயும் அரைப்புள்ளியாக்கா?"

"பின்ன? அது எழுதச் சொல்லிக் கேக்குது. நான் மாட்டேன்னா மரியாதையா இருக்குமா?"

உப்பக்காவின் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "மெஷின்கிட்டப் போயி யாராவது வீம்பு பிடிப்பாங்களா?"

"அது பிடிக்குதே."

ஒன்பதாவது நூலில் அலமாரிப் பலகை வளைந்தது. பத்தாவதை வைத்ததும் சுவரே ஒரு விரல்கடை நகர்ந்ததாகக் குமாஸ்தா சத்தியம் செய்கிறார். தலைமை நூலகர் கணினி பழுது பார்ப்பவரைக் கையோடு அழைத்து வந்தார். அரை நாள் வேலை. பத்துத் தலைப்பும் அரைப்புள்ளியோடு முழுசாக ஏறி உட்கார்ந்தன.

குமாஸ்தா ஓடி வந்தார். "அக்கா, இனி எழுத வேணாம். கணினி ஒத்துக்கிச்சு."

"கணினி ஒத்துக்கிச்சு, சரி. அந்த மனுஷன் ஒத்துக்கிட்டாரா?"

பதினொன்றாவது அச்சில் இருக்கிறது.