சீட்டுப் பிடிக்கும் கிருமி

என் மகள் கிருஷ்ணகுமாரி பலாங்கொடப் பக்கம் யுனிவர்சிட்டி கெம்பஸில் பால் உறைவதைப் பற்றி ஆராய்கிறாள் என்று பக்கத்து வீட்டுத் தெரேசம்மாவிடம் நான் வாயைக் கொடுத்தது பெரிய தப்பு. தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். எங்களுக்குப் பால் என்றால் ரப்பர் பால்தான். மறுநாளே எங்கள் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க ஒரே பேச்சு. அத்தனை படித்தும் பிள்ளை ரப்பர் ஸ்டோரில் பால் உறைய அசிட் ஊற்றுகிறாளாம்!

"நாம வெட்டுற பால்கிட்ட இருந்து அந்தப் புள்ளையும் தப்பலியே" என்று தெரேசம்மா உச்சுக் கொட்டியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தயிராகிற பால் என்று விளக்கினேன்.

"அப்ப தயிர்க் கடையா? தயிர்ச் சட்டி விக்கிற எம்பிலிப்பிட்டியவிலயா?" என்றாள்.

இவள் டீச்சராகட்டும் என்று அன்றே முடிவெடுத்தேன். டீச்சர் என்றால் எவருக்கும் விளங்கும். டீச்சர் வேலைக்கு இரத்தினபுரியில் நேர்முகத் தேர்வுக்கும் கூப்பிட்டிருந்தார்கள். ஆராய்ச்சியை முடிக்க இன்னும் இரண்டு வருடம் வேண்டும் என்று கெஞ்சினாள். "நீங்க வேணாம்னா விட்டுர்றேன்" என்றும் சொன்னாள். வேண்டாம் என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்த்தும் நான் இளகவில்லை.

தேர்வு நாளன்று அவிசாவளையில் இரத்தினபுரி பஸ்ஸுக்கு மாறினோம். எஹலியகொட தாண்டியும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அப்பிடி என்னதான் செய்யிற அங்க?"

"தயிர்ல நல்ல கிருமி இருக்குல்லம்மா, அதுல சிலதுக்கு மேல புரதத்துல சட்டை மாதிரி ஒண்ணு இருக்கு. அந்தச் சட்டையாலதான் குடல்ல ஒட்டிக்கிடுது. பிறகு கெட்ட கிருமி வந்தா ஒட்ட எடம் கெடைக்காது. ஒடம்புல காவல் பாக்குற அணுக்களும் அந்தச் சட்டையத் தொட்டுப் பாக்கும். சண்டை போடணுமா, சும்மா இருக்கணுமான்னு அதுல இருந்தும் தெரிஞ்சுக்கிடும். நான் சட்டையக் கழட்டிப் பாத்தேன். முக்காவாசி ஒட்டவே இல்ல."

குருவிட்டவில் முன்சீட்டுக்காரர் முகம் துடைத்த லேஞ்சியைச் சீட்டில் போட்டுவிட்டு வெற்றிலை வாங்க இறங்கினார். ஏறியவர்கள் லேஞ்சியைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

"ஏன்டி, கிருமி செத்துப்போயி சட்டை மட்டும் இருந்தா? அப்பவும் எடம் பிடிக்குமா?"

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவள் வெடுக்கென்று என்னைப் பார்த்தாள். "அதப் பாக்கத்தாம்மா ரெண்டு வருஷம் கேட்டேன்."

"ஒனக்குச் சொல்லிக் குடுக்குற சேருக்குத் தெரியாதா?"

"வேற கிருமிகள்ல பாத்திருக்காங்க. நம்ம கிருமியில இன்னும் யாரும் பாக்கல."

நம்ம கிருமியாம்! சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதில் தெரியாமல் இருப்பது எனக்கு ஆகாத காரியம். இவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால் இதை யார் பார்த்துச் சொல்வது?

இரத்தினபுரியில் இறங்கியதும் அவள் நேர்முகத் தேர்வு நடக்கிற பக்கமாக நடந்தாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அங்க போக வேணாம். பலாங்கொட பஸ்ஸ ஏறி ஒன் கெம்பஸுக்குப் போ."

பஸ் ஸ்டாண்ட் என்றும் பாராமல் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"அழுதது போதும், போ. பாத்துட்டு மொத ஆளா எனக்குத்தான் சொல்லணும்."