மாதா வரலாம், சங்கிலி வரக்கூடாது

பத்தாவது மாடிச் சுவரில் கயிற்றில் தொங்கியபடி பாட்டுப் பாடிக்கொண்டே வெள்ளை அடிக்கிற பெயின்டருக்கு, ஸ்கேன் மெஷினைக் கண்டதும் குலை நடுங்கிவிட்டது. கொஞ்ச நாளாகவே தலைசுற்றல். தலைக்குள் என்ன இருக்கிறதென்று பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

"உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு கல்யாணமான மறுநாளே எனக்குத் தெரியும்," என்று சிரித்தாள் மனைவி. ஆனால் அன்று மாதா கோயிலில் காலைப் பூசையில் அவள் திருட்டுத்தனமாகக் கண்ணைத் துடைத்ததை அவர் பார்த்திருந்தார்.

உள்ளே போகும்போது அவர் கையில் ஜெபமாலையைத் திணித்தாள். டெக்னீஷியன் பெண் விடவில்லை.

"ஐயா, அதை வெளியில கொடுத்துடுங்க. சங்கிலி இரும்பு. உள்ள காந்தம்."

"மாதாவையே வெளியில நிறுத்துறீங்களா?"

"மாதா தாராளமா வரலாங்க. சங்கிலிதான் வரக்கூடாது."

படுக்க வைத்து, குழாய் மாதிரி இருந்த மெஷினுக்குள் தள்ளினார்கள். கூரை மூக்கில் இடிக்கும்போல் இருந்தது. யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம் தொடங்கியது. அவரும் தொடங்கினார்: "அருள் நிறைந்த மரியே வாழ்க..."

"ஐயா, பேசாதீங்க! படம் கலங்குது," என்றது ஸ்பீக்கர்.

"பேசலம்மா, ஜெபம் பண்றேன்."

"மனசுக்குள்ள பண்ணுங்க."

அதுதான் அவருக்கு வராத வித்தை. கோயிலில் அவர் ஜெபித்தால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். பாதி மன்றாட்டில் பிள்ளைகளின் முகம் வந்தது. மீதியில், தான் இல்லாத வீடு வந்தது. வார்த்தைகள் கழன்று கொட்டின.

கடைசியில், 'ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் சொல்ல வரல. நான் அசையாமக் கிடக்கிறேன். மத்ததை நீங்க பாத்துக்குங்க' என்று விட்டுவிட்டார். தினமும் மேலே கயிற்றுக்கு முடிச்சுப் போடுகிறவன் அவருடைய மச்சான். அந்தத் தூங்குமூஞ்சியையே நம்பி அந்தரத்தில் காலை விடுகிறவருக்கு, ஆண்டவரை நம்புவதற்கு என்ன கேடு?

பயம் போகவில்லை. ஆனால் அதோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் அலறியது: "ஐயா, குறட்டை விடாதீங்க, தலை ஆடுது!"

ரிப்போர்ட் வரும்வரை மனைவி வாய் ஓயாமல் பேசினாள். தலையில் கோளாறு இல்லை, உள்காதில்தான் சிக்கல், மாத்திரையில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதும், வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா?"

"நானும்தான்."

"பொய் சொல்லாதீங்க. தூங்குனீங்களாம், அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

"பயந்துக்கிட்டேதான் தூங்குனேன்," என்றார் பெயின்டர்.

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.