நாற்காலி முதுகில் ஒரு கை

1

இந்தக் கதை என் மனதில் தானாக ஊறியது என்று சொன்னால் பொய். இது கேட்டு வாங்கப்பட்ட கதை. எங்கள் காகித ஆலையின் ஓய்வு பெற்றோர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. சங்கச் செயலாளர் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். புது பல்பு கேட்டால் பழைய பல்பைக் கொண்டுவந்து காட்டச் சொல்கிற ஆசாமி. அவர் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"டைப்பிஸ்ட்டம்மா, சங்கத்தால என்ன பயன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. கட்டுரையா வேணாம், ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. கதையா எழுதுங்க. முடிவு நல்லதா இருக்கணும்."

"எழுதறதுக்கு முன்னாடியே முடிவ எப்படி சார் சொல்றது?"

"என்ன சரக்கு வருதுன்னு தெரியாம நான் என்னிக்காவது கதவத் திறந்திருக்கேனா?"

பணிக்காலம் முழுக்க நான் அடித்ததெல்லாம் பிறர் வாக்கியங்கள். மேலாளர் சொல்லச் சொல்ல அடித்தேன், பிழையைத் திருத்தினேன், கையெழுத்து அவர் போட்டார். இப்போது என் முறை. நான் நன்றாகவே எழுதுவேன். அடக்கமெல்லாம் வேலையில் இருக்கும்வரைதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பாய்லர் அறையின் தகிப்பில் அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாய்"

(முத்தாவது பவளமாவது. சுற்றறிக்கை கொடுக்க நான் அந்த அறைக்குள் போயிருக்கிறேன். அது வெறும் வியர்வை. நாறும்.)

அடுத்தது:

"ஓய்வு என்பது முடிவல்ல, அது புதியதொரு"

(ஒவ்வொரு பிரிவுபசார விழாவுக்கும் இதே வரியை அடித்து அடித்து என் விரல் தேய்ந்தது. போதும்.)

மூன்றாவது தொடக்கம் இது. இதை வைத்துக்கொள்கிறேன்.

பெரிய பாய்லர் சங்கக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

3

ஆலையில் இரண்டு பாய்லர்கள் இருந்தன. பெரியதைப் பார்த்துக்கொண்டதால் அவருக்கு அந்தப் பெயர். ஆளைப் பார்த்தால் பென்சில். ஆனால் மாதக் கூட்டத்தில் மைக் அவர் கைக்குப் போனால் திரும்பி வராது. நீராவிக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று கோபமாகப் பேசிய மேலாளரின் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மங்கிப்போய், அவர் தூணைப் பார்த்துத் திட்டிய கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நாங்களும் முதல் முறை கேட்பதுபோல் சிரித்திருக்கிறோம்.

அப்படிச் சிரித்த ஒரு கூட்ட நாளில்தான் அது நடந்தது. சிரிப்பின் மிச்சத்தோடு அவர் வீட்டுக்குப் போனார். சமையலறைத் தரையில் மனைவி கிடந்தார். பக்கவாதம். இடது கையும் காலும் போயின. பேச்சு பிறகு துண்டு துண்டாகத் திரும்பி வந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடி அவர் தனக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டார். நான் வெளியே போனேன், அதனால்தான் இது நடந்தது. இதில் நியாயம் இல்லை என்று அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்?

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பாய்லரின் அழுத்த முள்ளைப் பார்த்த அதே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மனைவியின் மூச்சைப் பார்த்தார். காலையில் ஒரு நர்ஸ் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவாள். மளிகை வீட்டு வாசலுக்கு வரும். வெளியூரில் இருக்கும் மகள் போனில் கேட்பாள், "இங்க எல்லாம் சரியா இருக்கும்மா" என்பார். முடி வெட்டிக்கொள்ளக்கூட வெளியே போகவில்லை. தலை காடாக வளர்ந்தது.

சங்கம் சும்மா இருக்குமா? போனோம். கூட்டமாகப் போனோம், தனித்தனியாகப் போனோம், பழத்தோடு போனோம். செயலாளர் நேரடியாகவே கேட்டுப் பார்த்தார்.

"கூட்டத்தன்னிக்கு மட்டும் யாராவது வந்து உக்காந்துக்கிறோம். நீங்க கொஞ்சம் வெளிய வாங்க."

"எதுக்கு உங்களுக்குச் சிரமம்? நான் நல்லாத்தான் இருக்கேன். டீ குடிங்க."

எல்லோருக்கும் டீ கிடைத்தது. உதவி என்ற சொல்லை எடுத்ததுமே அவர் அடுப்பைப் பற்றவைக்க எழுந்துவிடுவார். எங்கள் வாட்ஸப் குழுவில் தினம் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிற கூட்டம் அவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் வரவில்லை.

4

இங்கே கதை நின்றுவிட்டது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. செயலாளர் வந்து படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார்.

"அண்ணி ஒரு வார்த்தைகூடப் பேசலையே இதுல?"

"உடம்பு முடியாதவங்க சார்."

"உடம்புதானே முடியல. அவங்க வாயத் திறந்தா நாமெல்லாம் எழுந்து நிக்கணும், மறந்துட்டீங்களா?"

அவர் சொன்னது சரி. என் வரைவில் அந்த அம்மாள் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார், பார்க்கப்படுவதற்கென்றே படைத்த மாதிரி. அதைக் கிழித்துப் போட்டேன். இனி வருவது திருத்தப்பட்ட பகுதி.

கணவர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவரும் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரின் கன்னம் ஒட்டியது தெரிந்தது. ஒரு மத்தியானம் அவர் உட்கார்ந்தபடியே தூங்கி, நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். அவரைத் தூக்க மனைவிக்கு ஒரு கை போதாது. கத்தக் குரல் வரவில்லை. அவராக விழித்து, அசட்டுச் சிரிப்போடு எழுந்து உட்காரும்வரை அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். சமையலறைத் தரையில் தான் கிடந்தபோதுகூட அவ்வளவு பயந்ததில்லையாம்.

அந்த வாரம் லேட்டு வந்தார்.

[குறிப்பு: லேட்டு யார் என்று சொல்ல வேண்டும். பாய்லர் அறையில் ஒரு நியமம் உண்டு. எரிகிற பாய்லரைத் தனியே விடக் கூடாது. நாற்காலியில் இருப்பவர் அடுத்த ஷிப்ட் ஆள் வரும்வரை எழுந்திருக்க மாட்டார். வருகிறவர் நாற்காலியின் முதுகில் கை வைத்து, "என்ன நிலவரம்?" என்று கேட்பார். இருக்கிறவர் நீராவி எப்படி, தண்ணீர் எப்படி, எந்த வால்வு முனகுகிறது என்று சொல்வார். "என் கையில" என்பார் வந்தவர். அதன் பிறகுதான் எழுந்து போகலாம். போனால் போனதுதான். நடு ஷிப்டில் திரும்பி வந்து எட்டிப் பார்த்தால் உன்னை நான் நம்பவில்லை என்று அர்த்தம். அதற்காக அங்கே கைகலப்பே நடந்திருக்கிறது. பெரிய பாய்லரை மாற்ற வருகிறவர் எப்போதும் பிந்தித்தான் வருவார். பெயரும் அப்படித்தான் வந்தது. பெரிய பாய்லர் பசியோடு உட்கார்ந்திருப்பார், வந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டுவார், திட்டி முடித்து நிலவரம் சொல்வார். குறிப்பு நீண்டுவிட்டது. ஆனால் இது தெரியாமல் மேலே போக முடியாது.]

பெரிய பாய்லர் டீ போட உள்ளே போனார். கட்டிலிலிருந்து வலது கை அசைந்து லேட்டைக் கூப்பிட்டது.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"கேக்காதீங்க. கேட்டா... வேணாம்னுதான்... சொல்வார்."

"பின்னே என்ன பண்ணட்டும்?"

அடுத்த சொல் வரக் கொஞ்சம் நேரமானது. லேட்டு காத்திருந்தார். அவருக்காக அடுத்தவர்கள் காத்திருந்துதான் பழக்கம், அவர் காத்திருந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"மாத்துங்க," என்றார் அண்ணி.

5

அடுத்த கூட்டத்தன்று லேட்டு சீக்கிரமே வந்தார். இதை நம்பாதவர்கள் எங்கள் சங்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

பழைய காக்கிச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டிருந்தார். வயிற்றுப் பக்கம் பொத்தான் சேரவில்லை. கையில் சாப்பாட்டு டப்பா. வாசலில் நின்று நலம் விசாரிக்கவில்லை, பழம் கொடுக்கவில்லை. நேரே உள்ளே நடந்து நாற்காலியின் முதுகில் கை வைத்தார்.

"என்ன நிலவரம்?"

பெரிய பாய்லர் டீ குடிக்கிறாயா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். வாயிலிருந்து வேறு வந்தது.

"காலைல கஞ்சி பாதிதான் போச்சு. தண்ணி ஸ்பூன்ல கொடு, வேகமா கொடுத்தா பொரையேறும். இடது தோள் வலிக்குது, அந்தப் பக்கமா திருப்பாத. சாப்பாட்டுக்கு அப்புறம் வெள்ளை மாத்திரை. வெயில் கண்ணுல விழுந்தா சொல்ல மாட்டா, நீயா பாத்துத் திரைய இழுத்து விடணும். கோவம் வந்தா கண்ண மூடிக்குவா. தூங்கறான்னு நெனச்சு ஏமாந்துடாத."

கட்டிலில் ஒரு கண் திறந்து மூடியது.

"என் கையில," என்றார் லேட்டு.

பெரிய பாய்லர் எழுந்தது மனதால் அல்ல, முதுகுத்தண்டால். தெருவில் வந்து நின்ற பிறகுதான் என்ன நடந்தது என்று அவருக்கு உறைத்தது. காலில் ஒரு செருப்பு அவருடையது, மற்றது மனைவியுடையது. திரும்பிப் போய் மாற்றலாம் என்றால் முடியாது. ஷிப்ட் அவருடையது இல்லை.

(செயலாளர் இந்த இடத்தில் கையைத் தட்டி, "இங்கயே முடிச்சிடுங்க, அருமையா இருக்கு" என்றார். ஒப்புக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் ஒரு மனிதனைத் தெருவில் ஜோடி மாறிய செருப்போடு நிறுத்திவிட்டு நான் எப்படி வீட்டுக்குப் போவது?)

6

கால்களுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். அச்சகத்துக்கு மேல்மாடியில் இருக்கிற சங்க அறைக்கு வந்தார். முட்டி தேய்ந்தவர்களின் சங்கத்தை மாடியில் வைத்த புத்திசாலி யார் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறோம், தெரிந்தபாடில்லை.

நான் அங்கே இருந்தேன். அவர் உள்ளே வந்ததும் எங்களில் யாரும் எழுந்து ஓடவில்லை. போன மாதமும் வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். யாரோ பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினார்கள். செயலாளர் மின்விசிறி பழுது பற்றி வாசித்துக்கொண்டிருந்தவர், நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். எனக்கு அழுகை வந்தது. வந்தது என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு வெள்ளந்தி மனிதர் கேட்டுவிட்டார்.

"அண்ணே, அந்த மூக்குக்கண்ணாடிக் கதையச் சொல்லுங்களேன்."

அன்றைக்கு அவர் சொன்ன கதை அதுதான். அதைச் சொல்லிச் சிரித்த கையோடு போய்த்தான் சமையலறைத் தரையைப் பார்த்தார்.

பெரிய பாய்லர் எழுந்தார். ஒரு பக்கம் மைக். இன்னொரு பக்கம் கதவு. மைக்கைப் பார்த்தார். பிறகு கதவுக்கு நடந்து அதன் பிடியில் கை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

[அவர் மனதில் ஓடியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பாதி அவரே பிறகு சொன்னது, பாதி நான் கட்டியது. எது எது என்று கண்டுபிடித்தால் டீ வாங்கித் தருகிறேன்.]

அவர் நினைத்தார்: இப்போது அவள் விழுந்திருந்தால்? உடனே நினைத்தார்: எங்கே விழுவாள், கட்டிலில்தானே இருக்கிறாள்? பொரையேறியிருந்தால்? லேட்டு இருக்கிறான். லேட்டு தூங்கியிருந்தால்? எந்த ஷிப்டிலும் அவன் தூங்கியதில்லை, பிந்தித்தான் வருவான். அப்படியானால் கை ஏன் இந்தப் பிடியை விடமாட்டேன் என்கிறது?

7

முடிவுகள் வைத்திருக்கிறேன். செயலாளருக்குப் பிடித்தது இது. அவர் மைக்கைப் பிடிக்கிறார், கதை சொல்கிறார், நாங்கள் சிரிக்கிறோம், வீட்டுக்குப் போனால் மனைவி நலம். (தேன்தான். ஆனால் அந்தப் பழைய நாளும் வீட்டு வாசல் வரைக்கும் இப்படித்தான் இருந்தது.)

இன்னொன்று. அவர் ஓடுகிறார். வீட்டுக்குள் நுழைகிறார். அண்ணியும் லேட்டும் எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவரைப் பார்த்ததும் சிரிப்பு நிற்கிறது. லேட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அண்ணி கண்ணை மூடிக்கொள்கிறார், தூக்கத்தால் அல்ல. இனி அந்த நாற்காலியின் முதுகில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

மூன்றாவது: "அவர் தெருமுனையில் திரும்பியபோது வாசலில் ஆட்கள்"

(இதை முடிக்க மாட்டேன். இப்படி நடக்காது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அவர் வெளியே இருக்கும்போது நடக்கலாம். நாற்காலியில் அவரே இருக்கும்போதும் நடக்கலாம். இதை வாயால் சொல்லி அவருக்குப் புரியவைக்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை.)

8

உண்மையில் என்ன நடந்தது என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். செயலாளர் எழுதச் சொல்லி நச்சரிக்கிறார். எழுத மாட்டேன். காரணம் இருக்கிறது. இந்த மலர் நம் ஆட்கள் வீடுகளுக்கெல்லாம் போகும். அங்கே இன்னும் சிலர் இப்படி நாற்காலிகளில் இருக்கிறார்கள், ஒருவர் அம்மாவுக்குப் பக்கத்தில், ஒருவர் தன் சொந்த வலிக்குப் பக்கத்தில். பார், அவர் இதைச் செய்தார், நீயும் செய் என்று அவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. அந்த வேலையைப் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

ஆனால் கதையை அனாதையாக விட்டுவிட்டு எழுந்து போகவும் மாட்டேன். எரிகிற பாய்லரைத் தனியே விடக் கூடாது.

ஆகவே வாருங்கள். கையை இந்த நாற்காலியின் முதுகில் வையுங்கள். கேளுங்கள்.

நிலவரம் இதுதான். அவர் கை கதவின் பிடியில் இருக்கிறது. காலில் மனைவியின் செருப்பு ஒன்று. மைக் திறந்தே இருக்கிறது, அதன் இரைச்சல் கேட்கிறது. வெள்ளந்தி மனிதர் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார், அவரை யாரும் திட்ட வேண்டாம். வீட்டில் வெயில் ஜன்னல் பக்கம் நகர்கிறது, லேட்டு திரையை இழுக்க எழுந்திருக்கிறார். கட்டிலில் ஒரு கண் திறந்திருக்கிறது. அந்த அம்மாள் தன் கணவர் சிரித்துவிட்டு வர வேண்டும் என்று காத்திருக்கிறார். கணவருக்கோ பயம் இன்னும் இறங்கவில்லை, மெதுவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான். நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டே சொல். அதைக் கேட்கும்வரை நான் எழுந்திருக்கப் போவதில்லை. லேட்டாக வந்தாலும் பரவாயில்லை, திட்டிவிட்டு நிலவரம் சொல்கிறேன்.